சொந்தமாக மோர்ஸ் டேப்பர் துணைக்கருவிகள் கடைவது: உங்கள் முறை என்ன?

#1 · உளிமுனை

டெயில்ஸ்டாக் (லேத்தின் வலக்கோடித் தாங்கி) டை ஹோல்டர், ட்ரில் சக் ஆர்பர் (சக்கைத் தாங்கும் தண்டு), பைப் செண்டர், ஹெட்ஸ்டாக்கில் (ஸ்பிண்டில் சுற்றும் பக்கம்) மாட்டும் ஈஆர் காலட் சக் (துண்டைச் சுற்றிலும் கவ்வும் சக்). சின்ன லேத் (கடைசல் எந்திரம்) வைத்திருக்கும் யாருக்கும் ஒரு கட்டத்தில் இவையெல்லாம் தேவைப்படும். செய்து பார்க்க ஆசை இருந்தும் பலர் தயங்கி நிற்பது ஒரே இடத்தில்தான்: பின்பக்கம் இருக்கும் மோர்ஸ் டேப்பர், அதாவது சாக்கெட்டுக்குள் தானே கவ்விக்கொள்ளும் கூம்பு வடிவப் பிடி. கிரைண்டிங் மெஷின் இல்லாமல் அது வராது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. வரும். பொறுமையாகக் கோணம் பிடித்தால் சாதாரண பெஞ்ச் லேத்திலேயே, சாக்கெட்டில் போட்டதும் கவ்விக்கொள்ளும் டேப்பரைக் கடைந்துவிடலாம். நான் செய்யும் முறையை எழுதுகிறேன். உங்கள் முறையையும் சொல்லுங்கள்.

காம்பவுண்ட் ஸ்லைடின் (டூலைச் சாய்வாக ஓட்டும் மேல் ஸ்லைடு) அடியில் உள்ள டிகிரி கோடுகளை இந்த வேலைக்கு மறந்துவிடுங்கள். எம்டி2 (மோர்ஸ் டேப்பர், 2-ம் சைஸ்) டேப்பரின் அரைக்கோணம் 1 டிகிரி 25 நிமிடம் 50 விநாடி. அந்தக் கோடுகளில் கண்ணால் கால் டிகிரியைப் பிரித்துப் பார்ப்பதே கஷ்டம். கால் டிகிரி பிசகினால் 60 மி.மீ. நீளத்தில் ஒரு பக்கத்துக்கு 0.26 மி.மீ. போய்விடும். நமக்கு வேண்டியது 0.01-க்குள். அதனால் கோணத்தை எண்ணாகப் பார்க்காமல், ஏற்கெனவே சரியாக இருக்கும் ஒரு டேப்பரோடு ஒப்பிட்டுப் பிடிப்பதுதான் வழி.

இரண்டு முனையிலும் செண்டர் துளை உள்ள நல்ல ட்ரில் சக் ஆர்பர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். டேப்பரின் பெரிய முனை ஹெட்ஸ்டாக் பக்கம் இருக்கும்படி இரண்டு செண்டர்களுக்கு (கூர்முனைத் தாங்கிகள்) நடுவே நிறுத்துங்கள். டயல் இண்டிகேட்டரை (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் கருவி) டூல் போஸ்டில் பிடித்து, அதன் முனை சரியாக செண்டர் உயரத்தில் டேப்பரைத் தொடட்டும். கேரேஜை (டூலைச் சுமந்து லேத்தின் நீளவாக்கில் ஓடும் பகுதி) பூட்டிவிட்டு காம்பவுண்டை முழு நீளத்துக்கு ஓட்டுங்கள். முள் நகராமல் நிற்கும் வரை காம்பவுண்டை மெல்லத் தட்டித் திருத்த வேண்டும். 60 மி.மீ. ஓட்டத்தில் முள் 0.01 மட்டும் நகர்ந்தால் கோணப் பிழை சுமார் 34 விநாடிதான். போல்ட்டை இறுக்கிய பிறகு இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள். இறுக்கும்போதுதான் பெரும்பாலும் கோணம் நழுவும்.

டெயில்ஸ்டாக் நேராக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது விலகியிருந்தால், மாதிரி ஆர்பரும் நீங்கள் கடையப்போகும் துண்டும் ஒரே நீளமாக இருந்தால்தான் பிழை ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். நீளம் மாறினால் கோணமும் மாறும்.

மாதிரி ஆர்பர் கையில் இல்லையா? நேரான டெஸ்ட் பார் ஒன்றை இரண்டு செண்டர்களுக்கு நடுவே வைத்து, காம்பவுண்டை 40 மி.மீ. ஓட்டினால் டயல் எவ்வளவு நகர வேண்டும் என்று பாருங்கள். எம்டி2-வுக்கு அது 0.999. நடைமுறையில் 1.00 மி.மீ. என்றே எடுத்துக்கொள்ளலாம். எம்டி3-க்கு 1.004. மனசில் நிற்கக்கூடிய எண்கள்.


#2 · சின்னப்பட்டறை

ரொம்ப நன்றி அண்ணா. எனக்கு இரண்டு சந்தேகம். மோர்ஸ் டேப்பர் எல்லாமே 1:20 (20 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. மாறுவது) தானே? ஒரு தடவை 1:20-க்கு காம்பவுண்டை வைத்துவிட்டு எல்லா சைஸையும் கடைய முடியாதா? இரண்டாவது, என் லேத்தில் ஸ்பிண்டில் எம்டி3, டெயில்ஸ்டாக் எம்டி2. காம்பவுண்ட் ஓடுவது 55 மி.மீ.தான். எம்டி3 டேப்பரை எப்படி முழுசாகக் கடைவது?


#3 · மைக்ரான்

முதல் சந்தேகத்துக்கு நான் சொல்கிறேன். 1860களில் அமெரிக்காவில் ஸ்டீபன் மோர்ஸ் கொண்டுவந்த டேப்பர் இது. பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு சைஸுக்கும் விகிதம் கொஞ்சம் மாறும். எம்டி1 1:20.047, எம்டி2 1:20.020, எம்டி3 1:19.922, எம்டி4 1:19.254, எம்டி5 1:19.002.

1:20-க்கு வைத்து எம்டி2 கடைந்தால் வித்தியாசமே தெரியாது. எம்டி3-ல் 80 மி.மீ. நீளத்துக்கு ஒரு பக்கம் 0.008 மி.மீ. வரும். புளூ (தொடும் இடத்தைக் காட்டும் நீல மை) போட்டுப் பார்த்தால் காட்டிக்கொடுத்துவிடும், ஆனால் தட்டித் திருத்திவிடலாம். எம்டி4-ல் 100 மி.மீ.க்கு ஒரு பக்கம் கிட்டத்தட்ட 0.1 மி.மீ. அது சாக்கெட்டில் ஆடும், பிடிக்காது.

இது தானாகவே கவ்விப் பிடிப்பதற்குக் காரணமும் இந்தச் சின்னக் கோணம்தான். அரைக்கோணத்தின் டான்ஜெண்ட் 0.025. எண்ணெய் இல்லாத எஃகுக்கும் எஃகுக்கும் உள்ள உராய்வு அதைவிடப் பல மடங்கு. அதனால் தள்ளிவிட்டால் அங்கேயே நிற்கும். மில்லிங் மெஷினில் வரும் 7:24 டேப்பரில் கோணம் பெரிசு. டிரா பார் (ஸ்பிண்டிலுக்குப் பின்னாலிருந்து வரும் திருகுத் தடி) இழுத்துப் பிடிக்காவிட்டால் கழன்றுவிடும்.


#4 · உளிமுனை

தம்பி, உங்கள் இரண்டாவது சந்தேகம் முக்கியமானது. எம்டி3 ஷாங்க் (டேப்பர் உள்ள பின் தண்டு), டாங்க் (அதன் கடைசியில் உள்ள தட்டை வால்) இல்லாமல் 81 மி.மீ. 55 மி.மீ. ஓட்டத்தில் ஒரே மூச்சில் வராது.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஷாங்கைக் குட்டையாக்கிவிடுவது. டிரா பார் போட்டு ஹெட்ஸ்டாக்கில் மாட்டும் சாமானுக்கு, பெரிய முனையிலிருந்து 50 மி.மீ. நன்றாக உட்கார்ந்தாலே வீட்டுப் பட்டறை வேலைக்குப் போதும். மீதியைக் கொஞ்சம் மெலிதாக நேராகக் கடைந்துவிடலாம்.

இன்னொன்று, இரண்டு பகுதியாகக் கடைவது. நடுவில் ஒரு 20 மி.மீ. அளவுக்குக் கால் மி.மீ. ஆழப் பள்ளம் விட்டுவிடுங்கள். முதலில் பெரிய முனைப் பகுதி. அப்புறம் கேரேஜை டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்திப் பூட்டி, சின்ன முனைப் பகுதி. கோணம் மாறவில்லை, காம்பவுண்ட் அப்படியேதான் இருக்கிறது. இரண்டு பகுதியின் விட்டத்தையும் ஒன்றோடொன்று இணைப்பதுதான் வேலை. அதற்கு டேப்பரே உதவுகிறது: 1:20 என்பதால் கேரேஜை 0.2 மி.மீ. நகர்த்தினால் விட்டம் 0.01 மட்டுமே மாறும். கிராஸ் ஸ்லைடை (டூலைக் குறுக்கே நகர்த்தும் ஸ்லைடு) தொடாமல், கேரேஜ் நகர்வை ஒரு டயலில் பார்த்துக்கொண்டே கடைசி சில மைக்ரான்களை எடுக்கலாம். சேருமிடத்தில் வரும் படி பள்ளத்துக்குள் மறைந்துவிடும். சாக்கெட்டும் இரண்டு முனையில் பிடிக்கும் டேப்பரைத்தான் விரும்புகிறது. நடுவில் மட்டும் புடைத்திருந்தால்தான் ஆட்டம்.


#5 · பழையலேத்

காம்பவுண்டைக் கையால் ஓட்டி நல்ல ஃபினிஷ் எடுப்பது எல்லோருக்கும் கைவராது. கை நிற்கும் இடத்திலெல்லாம் வளையம் விழும். நான் எப்போதும் டெயில்ஸ்டாக்கை விலக்கித்தான் டேப்பர் கடைவேன். கேரேஜின் பவர் ஃபீடே கிடைக்கிறது, நீளத்துக்கும் தடை இல்லை.

கணக்கு எளிது. துண்டின் மொத்த நீளத்தை 0.025-ஆல் பெருக்கினால் எம்டி2-வுக்கு விலக்க வேண்டிய தூரம் கிட்டத்தட்ட வந்துவிடும். 150 மி.மீ. துண்டுக்கு 3.75 மி.மீ. துல்லியத்துக்கு இங்கேயும் மாதிரி ஆர்பரை வைத்து டயல் ஓட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது செண்டர் துளை. டெயில்ஸ்டாக் விலகும்போது 60 டிகிரி செண்டர் துளையின் உதட்டில் மட்டும் உட்காரும். கொஞ்ச நேரத்தில் உதடு தேய்ந்து துண்டு ஆட ஆரம்பிக்கும். அதற்கு முனையில் எஃகுக் குண்டு வைத்த பால் செண்டர் போட வேண்டும். இரண்டு பக்கமும். குண்டு எந்தக் கோணத்திலும் துளையில் வட்டமாகவே உட்காரும். பேரிங் குண்டு ஒன்றைச் சின்னக் குழியில் பதித்தாலே பால் செண்டர் தயார். வளைந்த பக்கங்கள் உள்ள ஆர் வகை செண்டர் ட்ரில்லால் துளை போட்டாலும் நல்லது.


#6 · உளிமுனை

ஐயா சொல்வது சரி, ஃபினிஷில் அந்த முறையை அடிக்க முடியாது. எனக்கு இரண்டு மனக்குறை. ஒன்று, துண்டின் நீளம் மாறினால் விலக்கமும் மாற வேண்டும். இரண்டு செண்டர் துளைகளுக்கு நடுவே உள்ள தூரத்தைத்தான் உண்மையில் கணக்கில் எடுக்க வேண்டும், அதனால் மாதிரியும் துண்டும் துளை ஆழம் உட்பட ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டாவது, வேலை முடிந்ததும் டெயில்ஸ்டாக்கைத் திரும்ப நேராக்க வேண்டும். ஒழுங்காக நேராக்கி வைத்த டெயில்ஸ்டாக்கைக் கலைக்க மனம் வருவதில்லை.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. டெயில்ஸ்டாக்கில் ஒரு போரிங் ஹெட் (டூலை ஸ்க்ரூவால் மையத்திலிருந்து விலக்கும் தலை) மாட்டி, டூல் இருக்கும் இடத்தில் பால் செண்டர் வையுங்கள். போரிங் ஹெட்டின் சொந்த ஸ்க்ரூவிலேயே விலக்கம் கிடைத்துவிடும். விலகும் திசை மட்டும் சரியாகக் கிடைமட்டமாக இருக்க வேண்டும். டெயில்ஸ்டாக்கைத் தொடவே வேண்டாம்.

கையால் ஓட்டும்போது வளையம் விழாமல் இருக்க: காம்பவுண்டின் ஜிப்பை (ஸ்லைடின் ஆட்டத்தைக் குறைக்கும் தகடு) கொஞ்சம் இறுக்கமாக வையுங்கள், இரண்டு கையாலும் மாற்றி மாற்றி நிறுத்தாமல் சுற்றுங்கள், கடைசி வெட்டுக்கு நன்றாகத் தீட்டிய எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலை எடுங்கள். எமரி துணியால் தேய்த்து ஃபினிஷ் கொண்டுவர வேண்டாம். முனைகளில் அதிகமாகத் தேய்த்து, பிடித்த கோணத்தைக் கெடுத்துவிடும்.


#7 · நூல்மரை

காம்பவுண்ட் முறையில் எம்டி2 கடைந்து, மார்க்கிங் புளூ போட்டு சாக்கெட்டில் திருகிப் பார்த்தேன். பெரிய முனையில் 10 மி.மீ. அளவுக்கு மட்டும் நீலம் அழிகிறது. மற்ற இடமெல்லாம் அப்படியே இருக்கிறது. கோணத்தைக் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா? டூல் உயரம் தவறியிருந்தாலும் இப்படி ஆகும் என்று ஒருவர் சொன்னார்.


#8 · மைக்ரான்

பெரிய முனையில் மட்டும் தொடுகிறது என்றால் உங்கள் டேப்பர் சாக்கெட்டைவிடச் சரிவு அதிகம். காம்பவுண்ட் கோணத்தைக் குறைக்க வேண்டும். சின்ன முனையில் மட்டும் தொட்டிருந்தால் நேர் எதிர்.

டூல் உயரம் பற்றி எல்லோரும் பயமுறுத்துகிறார்கள், அதனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எம்டி2-வில் டூல் செண்டருக்கு அரை மி.மீ. கீழே இருந்தால், பெரிய முனையில் ஆரம் 0.014 கூடுகிறது, சின்ன முனையில் 0.017. வித்தியாசம் வெறும் 0.003 மி.மீ. அதுவும் சரிவைக் குறைக்கும் திசையில். உங்கள் சிக்கல் அதற்கு எதிர்த் திசை. எனவே டூல் உயரம் காரணம் இல்லை. ஒரு மி.மீ. விலகினால் இந்தப் பிழை நான்கு மடங்காகிவிடும், அப்போது கவலைப்படலாம். செண்டரின் 60 டிகிரி முனையைக் கடையும்போதுதான் உயரம் கறாராக இருக்க வேண்டும். அங்கே ஆரம் பூஜ்ஜியத்துக்குப் போகிறது, கொஞ்சம் விலகினாலும் நுனியில் குமிழ் நிற்கும்.

துண்டைச் சக்கில் மட்டும் பிடித்து, வெளி முனைக்குச் செண்டர் கொடுக்காமல் கடைந்தாலும் பிழை வரும். வெளி முனை டூலுக்கு விலகிக் கொடுக்கும், அங்கே விட்டம் கூடும், சரிவு குறையும். அதுவும் உங்கள் நிலைமைக்கு எதிர். ஆக, போல்ட்டை இறுக்கியபோது காம்பவுண்ட் நழுவியதா, மாதிரி ஆர்பர் தேய்ந்ததா என்று பாருங்கள். சாக்கெட்டின் வாயில் ஏதாவது அடிபட்டுப் பிசிர் எழும்பியிருந்தாலும் இதே அடையாளம்தான் காட்டும்.


#9 · பழையலேத்

பிசிர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். டேப்பர் கடைவதற்கு முன்னால் சாக்கெட்டை விரலால் தடவிப் பாருங்கள். பழைய டெயில்ஸ்டாக்கில் ட்ரில் சுற்றிச் சுற்றி உள்ளே கீறல் விழுந்திருக்கும். எம்டி ஃபினிஷிங் ரீமரை (துளையை அளவாகச் சுரண்டும் கருவி) கையால், எண்ணெய் விட்டு, மேடுகளை மட்டும் எடுக்கும் அளவுக்கு ஒரு சுற்று கொடுத்தால் போதும். குழிகள் இருந்தால் இருக்கட்டும், அவை எதையும் தடுக்காது. சாக்கெட் சுத்தமாகாமல் புளூவை நம்ப முடியாது.

புளூவையும் டேப்பர் முழுக்கப் பூச வேண்டாம். நீளவாக்கில் மூன்று மெல்லிய கோடுகள் போதும். உள்ளே தள்ளி, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகி வெளியே எடுங்கள். தடித்துப் பூசினால் தொடாத இடத்திலும் நீலம் பரவி, எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டிவிடும்.


#10 · நூல்மரை

சாக்கெட் வாயில் உண்மையிலேயே ஒரு சின்ன மேடு இருந்தது. எண்ணெய்க் கல்லால் எடுத்துவிட்டேன். இப்போது நீலம் பாதி நீளம் வரை அழிகிறது. மீதிக்குக் கோணத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். அவ்வளவு சின்ன அளவு காம்பவுண்டை எப்படித் திருப்புவது?


#11 · உளிமுனை

காம்பவுண்டின் கடைக்கோடியில், சுழல் மையத்திலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில், மேக்னெட்டிக் பேஸில் இன்னொரு டயலை வையுங்கள். போல்ட்டுகளைக் கழற்றாமல் பாதி இறுக்கத்தில் விட்டு, பித்தளைச் சுத்தியலால் தட்டினால் முள் நகர்வது தெரியும். மையத்திலிருந்து 100 மி.மீ. தள்ளி முள் 0.01 நகர்ந்தால், 60 மி.மீ. டேப்பரில் ஒரு பக்கம் 0.006 மாறும். அந்த அளவில் நகர்த்தி, ஒரு மெல்லிய வெட்டு எடுத்து, மறுபடி புளூ. இப்படியே நெருங்க வேண்டும். துண்டில் அரை மி.மீ. அதிகமாக விட்டுவைத்துக் கோணத்தைச் சரி செய்தால் இந்த வெட்டுகளுக்கு இடம் இருக்கும்.


#12 · சின்னப்பட்டறை

ஒரு விஷயம் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டேப்பர் பக்கம் கடினமாக்கி கிரைண்ட் செய்து, முன்பக்கம் மட்டும் மென்மையாக விட்ட பிளாங்க் ஆர்பர்கள் வாங்கக் கிடைக்கின்றனவே. முன்பக்கத்தை நமக்கு வேண்டியபடி கடைந்துகொள்ளலாம். இவ்வளவு சிரமப்பட்டு டேப்பரை ஏன் கடைய வேண்டும்?


#13 · உளிமுனை

நியாயமான கேள்வி. டை ஹோல்டர், பைப் செண்டர் மாதிரி சாமான்களுக்கு பிளாங்க் ஆர்பர் வாங்குவதை நானே பரிந்துரைப்பேன். டேப்பர் என்பது அங்கே ஒரு பிடி, அவ்வளவுதான்.

சொந்தமாகக் கடைவது எங்கே பயன் என்றால், கடையில் கிடைக்கும் வடிவம் உங்கள் மெஷினுக்குப் பொருந்தாத இடத்தில். உதாரணமாக, உள்ளே முழுவதும் துளையிட்ட ஷாங்க் வேண்டும், நீளமான துண்டு அதற்குள் போக வேண்டும். கிரைண்ட் செய்த கடின ஆர்பரில் அந்தத் துளை போடுவது சுலபம் இல்லை. அல்லது ஸ்பிண்டில் சாக்கெட் வழக்கமான அளவைவிட அகன்றுவிட்டது, வாங்கிய ஆர்பர் ஆழமாகப் போய் உட்காருகிறது. 1:20 கணக்கில் விட்டத்தில் 0.1 அகன்றால் 2 மி.மீ. உள்ளே போகும். சொந்தமாகக் கடையும்போது உங்கள் சாக்கெட்டின் அளவுக்கே செய்யலாம்.

இன்னொரு காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. பி16, பி18 என்ற ட்ரில் சக் டேப்பர்கள் இரண்டும் எம்டி2-வின் ஒரு துண்டுதான். பி16-ன் பெரிய விட்டம் 15.733, பி18-ன் பெரிய விட்டம் 17.780. விகிதம் எம்டி2-வினுடையதே. ஆகவே எம்டி2 ஷாங்குக்குப் பிடித்த கோணத்தைக் கலைக்காமல், துண்டைத் திருப்பிப் போட்டால் ட்ரில் சக் பக்கத்தையும் கடைந்துவிடலாம். பி10, பி12 இரண்டும் இதே மாதிரி எம்டி1-ஐச் சேர்ந்தவை. ஜேக்கப்ஸ் டேப்பருக்கு (ஜேடி, ட்ரில் சக்குகளுக்கான இன்னொரு வகை) இந்த வசதி இல்லை. ஜேடி6 ஏறக்குறைய 1:19.3, ஜேடி33 ஏறக்குறைய 1:15.7. அவற்றுக்குத் தனியாகக் கோணம் பிடிக்க வேண்டும்.


#14 · நூல்மரை

எம்டி3 ஷாங்கில் ஈஆர்32 காலட் சக் செய்ய நினைக்கிறேன். எந்த வரிசையில் செய்வது?


#15 · உளிமுனை

இந்த வரிசைதான் இழையிலேயே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. டேப்பரை முதலில் முடியுங்கள். முன்பக்கத்தை அது வேலை செய்யப்போகும் ஸ்பிண்டிலிலேயே மாட்டிக் கடையுங்கள். வாங்கிய காலட் சக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உங்கள் சாக்கெட்டின் ஆட்டம் அதில் சேர்ந்துகொள்ளும். இடத்திலேயே போர் செய்த சக்கில் அது சேராது.

இஎன்8 எஃகு போதும், இஎன்24 கிடைத்தால் இன்னும் நல்லது. முதலில் பின்பக்கம் டிரா பாருக்கு எம்12 துளையிட்டு மரை போடுங்கள். எம்டி2 என்றால் எம்10. மரையின் வாயில் 60 டிகிரியில் ஒரு சரிவு வெட்டிவிட்டால் அதுவே செண்டர் துளையாகும். இப்போது இரண்டு செண்டர்களுக்கு நடுவே டேப்பரைக் கடைந்து, புளூ பார்த்து முடித்துவிடுங்கள். பெரிய முனையின் விட்டம் எம்டி3-க்கு 23.825, எம்டி2-வுக்கு 17.780 என்பது கணக்கு. உங்கள் சாக்கெட்டில் எங்கே நிற்கிறது என்பதுதான் கடைசி அளவு.

அப்புறம் சாக்கெட்டையும் டேப்பரையும் துடைத்து, டிரா பார் போட்டு இழுத்து மாட்டுங்கள். ஸ்பிண்டில் மூக்கிலும் சக்கின் விளிம்பிலும் நேர் நேராக ஒரு குறி வைத்துவிடுங்கள். இனிமேல் எப்போது மாட்டினாலும் அந்தக் குறிகள் சேர வேண்டும். நட்டுக்கான எம்40×1.5 மரையை முதலில் வெட்டி, கையில் இருக்கும் நட்டை வைத்தே சரிபாருங்கள். உள் டேப்பரைக் கடைசியில்தான் போர் செய்ய வேண்டும், மரை வெட்டும் அழுத்தம் அதைத் தொந்தரவு செய்யக் கூடாது.

ஈஆர் காலட்டின் டேப்பர் ஒரு பக்கத்துக்கு 8 டிகிரி. காம்பவுண்ட் 20 மி.மீ. ஓடும்போது டயல் 2.783 நகர்ந்தால் கோணம் சரி. பார்க்க வேண்டியது நேரான டெஸ்ட் பாரில்.


#16 · பழையலேத்

ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன். ஹெட்ஸ்டாக்கில் மோர்ஸ் டேப்பரில் மாட்டிய எதிலும் டிரா பார் இல்லாமல் மில்லிங் செய்யாதீர்கள். ட்ரில் செய்யும்போது விசை டேப்பரை உள்ளே தள்ளுகிறது, அதனால் நிற்கிறது. மில்லிங் கட்டரோ போரிங் ஹெட்டோ பக்கவாட்டில் விட்டுவிட்டு அடிக்கிறது. அந்த அதிர்வில் டேப்பர் மெல்ல நழுவி வெளியே வந்துவிடும். சுற்றிக்கொண்டிருக்கும் கட்டர் விழுந்தால் கை முகம் எதுவும் மிஞ்சாது. காலட் சக்கில் கடைசல் வேலை மட்டும் செய்தாலும் டிரா பார் போடுவதே நல்லது.

டிரா பார் போட்டால் ஸ்பிண்டில் வழியாக நீளமான தடி போகாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். தடி வேலை அதிகம் என்றால் எம்டி ஷாங்கை விட, சக் மாட்டும் இடத்தில் பிளேட்டோடு மாட்டும் ஈஆர் சக் உகந்தது.


#17 · கடைசல்பிரியர்

உள் டேப்பர் பற்றி யாரும் சொல்லவில்லையே. எம்டி3-க்குள் எம்டி2 போகும் ஸ்லீவ் செய்ய வேண்டும். ரீமர் இல்லை.


#18 · மைக்ரான்

ரீமர் இல்லாமலும் முடியும். வெளி டேப்பருக்குப் பிடித்த அதே காம்பவுண்ட் கோணத்தில் உள் டேப்பரையும் போர் செய்யலாம், துளையின் எதிர்ப்பக்கச் சுவரில் வெட்டினால். வெளியே கடையும்போது காம்பவுண்ட் ஹெட்ஸ்டாக்கை நோக்கிப் போகப் போக நம் பக்கம் வருகிறது, விட்டம் கூடுகிறது. துளைக்குள் எதிர்ச்சுவரில் இருக்கும் டூல் அதே நகர்வில் மையத்தை நோக்கி வரும், துளை உள்ளே போகப் போகக் குறுகும். சாக்கெட்டுக்கு வேண்டியதும் அதுதான். ஒரே அமைப்பில் வெட்டியதால் ஆணும் பெண்ணும் கச்சிதமாகப் பொருந்தும்.

எதிர்ச்சுவரில் துண்டு மேல்நோக்கிச் சுற்றும். அதனால் போரிங் டூலைத் தலைகீழாகப் பிடித்து ஸ்பிண்டிலை வழக்கமான திசையிலேயே ஓட்டுங்கள். டூலை நிமிர்த்தி வைத்து ஸ்பிண்டிலைத் தலைகீழாக ஓட்டுவதும் ஒரு வழி, ஆனால் திருகி மாட்டும் சக் உள்ள லேத்தில் அதைச் செய்யக் கூடாது, சக் கழன்று வந்துவிடும்.

எம்டி3-க்குள் எம்டி2 என்பது கொஞ்சம் சிக்கலான ஜோடி. 1:20.020-ம் 1:19.922-ம் வேறு. உள்ளுக்கும் வெளிக்கும் தனித்தனியாக டயலில் திருத்துங்கள். சுவரும் மெலிது, சுமார் 3 மி.மீ.தான். உள் டேப்பரை முதலில் போர் செய்து, எம்டி2 வெளி டேப்பர் கொண்ட ஒரு மாண்ட்ரலில் (துளைக்குள் செருகித் தாங்கும் தண்டு) ஏற்றி வெளியே கடைந்தால் இரண்டும் ஒரே மையத்தில் வரும்.


#19 · கடைசல்பிரியர்

தலைகீழ் டூல் யோசனை அருமை சார். செண்டர்கள் செய்தால் கடினமாக்க வேண்டுமா?


#20 · பழையலேத்

எங்கே மாட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஹெட்ஸ்டாக்கில் இருக்கும் செண்டர் துண்டோடு சேர்ந்தே சுற்றுகிறது, உராய்வு இல்லை. அதை மென்மையாகவே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முக்கிய வேலைக்கு முன்னாலும் முனையை அங்கேயே லேசாகக் கடைந்துவிட்டால் ஆட்டம் பூஜ்ஜியம். டெயில்ஸ்டாக்கில் அசையாமல் நிற்கும் செண்டர் கடினமாக இருந்தே ஆக வேண்டும், கிரீஸும் வேண்டும். சில்வர் ஸ்டீலில் செய்து நுனியை மட்டும் சிவக்கக் காய்ச்சி நீரில் அமிழ்த்துங்கள். டேப்பர் வரைக்கும் சூடேற்றினால் அது கோணும், கிரைண்டர் இல்லாமல் திரும்பச் சரியாகாது.


#21 · சின்னப்பட்டறை

கடைசியாக ஒன்று. டெயில்ஸ்டாக்குக்கு எம்டி2 டை ஹோல்டர் கடைந்தேன், டேப்பர் நன்றாகப் பிடிக்கிறது. கைப்பிடியைப் பின்னால் சுற்றினால் வழக்கமாக ட்ரில் சக் கழன்று வரும், இது வரவில்லை. டேப்பரில் தவறா?


#22 · உளிமுனை

டேப்பரில் தவறு இல்லை, நீளம் போதவில்லை. குவிலை (டெயில்ஸ்டாக்கில் உள்ளே வெளியே நகரும் உருளை) பின்னால் இழுக்கும்போது உள்ளே இருக்கும் ஸ்க்ரூவின் முனை ஷாங்கின் வாலில் இடித்துத்தான் அதை வெளியே தள்ளுகிறது. எம்டி2 டாங்க் இல்லாமல் 64 மி.மீ. டாங்கோடு அதைவிடக் கொஞ்சம் நீளம். குட்டையாக இருந்தால் ஸ்க்ரூ எட்டாது. ஷாங்கின் பின்பக்கம் எம்10 மரை போட்டு ஒரு போல்ட்டைத் திருகி, உங்களிடம் சரியாகக் கழலும் ட்ரில் சக் ஆர்பரின் நீளத்துக்கு அதன் தலை வரும்படி வையுங்கள். ஒரு லாக் நட் போட்டு இறுக்கிவிட்டால் போதும். போல்ட்டின் தலை ஷாங்கின் சின்ன முனையைவிடப் பருத்திருக்கும், ஆகவே அதை 14 மி.மீ.க்குள் கடைந்துவிடுங்கள். இல்லாவிட்டால் சாக்கெட்டுக்குள் போகாது. லாக் நட்டையும் அதே மாதிரி.

மிகவும் நீளமாகவும் வைக்க வேண்டாம். குவில் முழுதும் உள்ளே போகும் முன்பே ஷாங்கைத் தள்ளிவிட்டால், நீங்கள் ஓட்ட நினைக்கும் தூரத்தில் சில மி.மீ. போய்விடும். உங்கள் குவிலில் அளவுக் கோடு எங்கே பூஜ்ஜியத்தைத் தொடுகிறதோ, அதற்குச் சற்று உள்ளே கழலும்படி போல்ட்டைத் திருத்திக்கொள்ளுங்கள்.